மறுபக்கம்: வெறுமை

ஐவி தமது அலுவலகக் கதவை முழுவதும் திறந்து வைப்பதில்லை. கதவின் கீழ்ப்பாதி எப்போதும் சாத்தியிருக்கும். திருகோணமலை நகரத்து மான்கள் கடதாசி தின்னும் என்பதே அதற்குக் காரணம். பதின்மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மான் உள்ளே புகுந்து, மேசையிலிருந்த மரணச் சான்றிதழ் ஒன்றின் மூலையைப் பதிவாளரின் கையொப்பத்தோடு சேர்த்துத் தின்றுவிட்டது. அன்றைய பதிவில் அவர் இவ்வாறு எழுதியிருக்கிறார்: ‘மூலப் பிரதியின் கீழ் வலது மூலை எனது அலுவலகத்தில் வைத்துச் சேதமடைந்தது. காரணம்: மான்.’

ஐவிக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. அவர் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். தமிழிலும் சிங்களத்திலும் உள்ள பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களையும் காணி உறுதிகளையும் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதிகளையும் ஆங்கிலத்தில் பெயர்த்து, ‘மூலத்தை நான் பார்த்தேன், இது அதன் சரியான மொழிபெயர்ப்பு’ என்று சத்தியம் செய்து கையொப்பமிடுவது அவரது தொழில். இருபத்தாறு வருடங்களில் ஒன்பது பதிவேடுகள் நிறைந்துள்ளன. ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு நிரல்கள் உண்டு. கடைசி நிரலின் தலைப்பு ‘மறுபக்கம்’. ஒரு கடதாசியின் பின்புறத்தில் ஒன்றும் இல்லையென்றால் அந்த நிரலில் ‘வெறுமை’ என்று எழுதுவார். மொழிபெயர்ப்பின் அடியிலும் அதையே குறிப்பார். இப்படியொரு நிரலை வேறெந்த மொழிபெயர்ப்பாளரின் பதிவேட்டிலும் நான் கண்டதில்லை.

அந்த நிரலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1990இல் அவருக்குப் பத்தொன்பது வயது. அண்ணன் அஞ்சலோ ஒரு நாள் காலை குச்சவெளிப் பக்கம் போனவர் திரும்பவில்லை. தாயார் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தபோது ஒரு துண்டு தந்தார்கள். முறைப்பாட்டின் இலக்கம் அதன் பின்புறத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. இடம்பெயர்ந்திருந்த நாட்களில், பங்குக் கோவில் காரியாலயத்தில் யாரோ நல்ல மனதோடு துண்டின் முன்பக்கத்தை மட்டும் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்தார்கள். மூலத் துண்டு மழையில் கரைந்துபோயிற்று. ஐந்து வருடங்களின் பின் ஒரு விசாரணைக் குழுவின் முன் தாயார் அந்தக் கொப்பியை நீட்டினார். அங்கிருந்த உத்தியோகத்தர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இலக்கம் இல்லாமல் தேட ஏலாது அம்மா” என்றார்.

இதைச் சொல்லும்போது ஐவி குரலை உயர்த்துவதில்லை. “முன்பக்கத்தை நாங்கள் கவனமா வைச்சிருந்தனாங்கள். அண்ணா பின்பக்கத்திலதான் இருந்தவர்” என்று மட்டும் சொன்னார்.

இனிச் சொல்லப்போகும் வழக்கு இன்னும் முடியவில்லை. ஆகவே அது நடைபெறும் நாட்டின் பெயரை எழுதக்கூடாது என்பது ஐவி விதித்த நிபந்தனை. வழக்குக்குரியவர் றிப்தி, குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்தவர். கடலோடு சேர்ந்த களப்பில் மீன்பிடித்துக்கொண்டிருந்தார். அனுமதியில்லாமல் களப்பின் கரையில் மண் அள்ளிய ஒரு கூட்டத்தைப் பற்றி அதிகாரிகளிடம் சாட்சி சொன்னார். மிரட்டல்கள் தொடங்கின. பொலிஸில் ஒரு முறைப்பாடு கொடுத்தார். இரண்டு மாதங்களில் நாட்டை விட்டுப் போய்விட்டார். இப்போது அங்குள்ள குடிவரவு நீதிமன்றத்தில் தஞ்சம் கோரி நிற்கிறார். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் திருப்பி அனுப்பப்படுவார். அந்தக் கூட்டம் இன்னும் ஊரில்தான் இருக்கிறது.

ஊரில் அவருக்கு இருப்பவர்கள் விதவைத் தாயான ஜெமீலாவும், தங்கை ரிஸ்னாவும், கிண்ணியாவில் போட்டோக் கொப்பியும் லெமினேட்டும் செய்யும் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் தாய்மாமன் முனாப்பும்.

சென்ற ஏப்ரலில், அந்த நாட்டில் குடிவரவு நீதிமன்றங்களை நடத்தும் அரச நிறுவனம் ஒரு திருத்த முன்மொழிவை வெளியிட்டது. தஞ்சம் கோருபவர் முதல் நீதிமன்றத் தவணையிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் எல்லாச் சான்றுகளையும், அவற்றின் மொழிபெயர்ப்புகளோடு ஒப்படைத்துவிட வேண்டும். அதன்பின் எதையும் சேர்க்கவோ திருத்தவோ முடியாது. இதைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்ல அறுபது நாள் அவகாசமும் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் வட்ஸ்அப் வழியாகச் செய்தி கிண்ணியாவுக்கு வந்தபோது, ‘முன்மொழிவு’ என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. பதினைந்து நாள் மட்டும் வந்து சேர்ந்தது.

றிப்தியின் முதல் தவணை முடிந்து அப்போது பதினொரு நாள் ஆகியிருந்தது. திருத்தம் நடைமுறைக்கு வந்தால் அவருடைய வழக்குக்கும் பொருந்தக்கூடும், பாதுகாப்புக்காக உடனே அனுப்புவது நல்லது என்று அவருடைய சட்டத்தரணி எழுதியிருந்தார். ஜெமீலா ஒரு சாப்பாட்டுப் பையில் கடதாசிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“மிஸ், நாலு நாள்தான் இருக்காம். அதுக்குள்ள குடுக்காட்டி மவனைத் திருப்பி அனுப்பிருவாங்களாம்.”

“இது இன்னும் சட்டமாகேல்ல ஜெமீலா.”

“ஆகினாப் பிறகு என்ன செய்யிற மிஸ்?”

ஐவி பையைத் தம் பக்கம் இழுத்து, வேலையைப் பொறுப்பேற்றார்.

பையிலிருந்தவை அனைத்தும் லெமினேட் செய்யப்பட்டிருந்தன. கிண்ணியாவில் இது வழமை. கடல் ஒருமுறை வீட்டுக்குள் வந்து அலுமாரிகளைக் கொண்டுபோன ஊரில், மக்கள் கையில் கிடைத்த ஒவ்வொரு கடதாசியையும் பிளாஸ்டிக்குக்குள் அடைத்து வைக்கிறார்கள். வெளிநாட்டு அலுவல்களில் அப்படி ஒட்டிய சான்றிதழ்களைச் சில இடங்களில் ஏற்பதில்லை என்று ஐவி பலமுறை சொல்லியிருக்கிறார். யாரும் கேட்பதில்லை. தண்ணீர் அவர்களுக்குத் தெரியும், தூதரகம் தெரியாது.

ஐவிக்கு வேலைமுறை ஒன்று உண்டு. முதலில் கடதாசியின் இரு பக்கங்களையும், முத்திரைகள் வெட்டுத்திருத்தங்கள் உட்பட, பெயர்ப்பார். பிறகு கடதாசிக்கு உரியவரை அழைத்து முன்னால் கதிரையில் இருத்தி, ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் திரும்பச் சொல்லிக் காட்டுவார். அவர் ‘ஓம்’ என்று சொன்ன பின்பே கையொப்பம். இம்முறை நாலு நாளில் பதினொரு ஆவணங்கள். நாலாம் நாள் ஜெமீலா வருவதற்கு அழைப்பு எடுத்தபோது, “வர வேண்டாம், நேரமில்லை, நான் முடிச்சு அனுப்புறன்” என்று ஐவியே தடுத்துவிட்டார். அன்று மாலை ஆறு மணிக்கு முன் எல்லாம் மின்னஞ்சலில் போய்விட்டன. பதினொரு பதிவுகளிலும் கடைசி நிரலில் ஒரே சொல் இருந்தது: வெறுமை.

ஒன்பது வாரங்களின் பின், ஒரு செவ்வாய்க்கிழமை, சட்டத்தரணியின் கடிதம் வந்தது. அரச நிறுவனம் முன்மொழிவை மீளப்பெற்றுவிட்டது. பழைய நடைமுறை அப்படியே தொடரும். அதன்படி பிரதான விசாரணைக்கு முப்பது நாள் முன்புவரை சான்றுகளைச் சேர்க்கலாம், திருத்தலாம். றிப்தியின் விசாரணை நவம்பரில்.

வியாழக்கிழமை ஜெமீலாவும் முனாப்பும் ஒரு பெட்டி தொதலோடு வந்தார்கள்.

“மிஸ், பாத்தீங்களா? பெரிய சர்க்கார் எண்டாலும் கடைசில பின்னுக்குப் போகத்தான் வேணும்!” என்றார் முனாப், கதவின் கீழ்ப்பாதியைத் தானே திறந்துகொண்டு.

“கதவைச் சாத்திப்போட்டு வாங்கோ, மான் நிக்குது. அவை மீளப்பெற்றது சட்டத்தை இல்லை முனாப், யோசனையைத்தான்.”

“எங்களுக்கு ரெண்டும் ஒண்டுதான் மிஸ். பயந்தது உண்மைதானே. தொதலைச் சாப்பிடுங்க.”

ஜெமீலா சிரித்தார். “ஒன்பது கிழமையாக் கண்ணை மூடேல்ல மிஸ். இப்பதான் சோறு உள்ளுக்குப் போகுது.”

மூலப் பிரதிகளைத் திருப்பிக் கொடுக்க ஐவி அலுமாரியைத் திறந்தார். திருப்பிக் கொடுக்கும்போதும் பதிவேட்டோடு ஒவ்வொன்றையும் ஒப்பிடுவது அவர் வழக்கம். இலக்கத்தை வாசித்தார், கடதாசியை எடுத்து வைத்தார், அடையாளமிட்டார். பதிவேட்டில் பதினொரு இலக்கங்கள் இருந்தன. மேசையில் லெமினேட் செய்த பத்துத் தகடுகள் கிடந்தன.

“ஒண்டு குறையுது” என்றார் ஐவி. முகம் மாறிவிட்டது.

“குறையாது மிஸ்,” என்றார் முனாப். “பொலிஸ் கடதாசியையும் விதானையார்ட கடதாசியையும் நான்தான் ஒரே ஷீட்டுக்குள்ள போட்டு ஒட்டினனான். முதுகும் முதுகும். எங்கட கடைல அப்பிடித்தான். எங்கட ஊர்ல கலியாணம் முடிச்சு ரெண்டாம் நாள் மாப்பிள்ளையைத் தவிர மிச்சமெல்லாம் லெமினேட் பண்ணியாச்சு.”

ஜெமீலா வாயைப் பொத்திச் சிரித்தார். ஐவி சிரிக்கவில்லை. அந்தத் தகட்டை எடுத்தார். ஒருபுறம், சிங்களத்தில் கையால் எழுதப்பட்ட முறைப்பாட்டுப் பிரதி. மறுபுறம், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ். நாலாம் நாள் மாலை முதலாவதைப் பெயர்த்தார்; தகட்டைத் திருப்பி இரண்டாவதைப் பெயர்த்தார்; இரண்டின் கீழும் ‘மறுபக்கம்: வெறுமை’ என்று எழுதினார். அந்த இரண்டு முதுகுகளும் உள்ளே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றை அவர் பார்க்கவில்லை.

கதவருகே போய் வெளிச்சத்துக்கு எதிரே தகட்டைப் பிடித்தார். இரண்டு எழுத்துகளின் நடுவே, மூன்றாவதாக ஒரு கையெழுத்தின் நிழல் சாய்ந்து தெரிந்தது.

“உள்ளுக்கு எழுத்திருக்கு.”

“என்ன எழுத்து?” என்று ஜெமீலா எழுந்தார்.

“தெரியாது. நான் ஒண்டுமில்லையெண்டு சத்தியம் பண்ணி எழுதிப்போட்டன்.”

முனாப்புக்கு விடயம் உடனே விளங்கியது. வியாபாரி அல்லவா. “மிஸ், அங்க ஒருத்தரும் கேக்கேல்லதானே? அவங்களே வேணாமெண்டு விட்டுட்டாங்க. நாங்க ஏன் கிண்டுவான்?”

“நாளைக்கு அந்தப் பக்கத்து சட்டத்தரணி பொலிஸில இன்னொரு பிரதி எடுத்தா? ஒரு கடதாசியில பொய் எண்டு கண்டா, பதினொண்டையும் தூக்கி எறிவினம். பிறகு உங்கட மருமகன்ர சொல்லையும் நம்பமாட்டினம்.”

“உங்கட பேரும் போகும்,” என்றார் முனாப் மெதுவாக.

“ஓம். அதுவும்தான்.”

முடிவைச் சொன்னவர் ஜெமீலா. “திறங்க மிஸ். என்ட மவன்ட கடதாசிக்குள்ள என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியோணும்.”

திறப்பது கடினமாக இருக்கவில்லை. பிளாஸ்டிக் வெளிமுகங்களில் மட்டுமே ஒட்டியிருந்தது. இரண்டு கடதாசிகளும் தமக்குள் ஒட்டவில்லை. ஐவி சவர அலகால் மூன்று விளிம்புகளைச் சீவியதும் தகடு புத்தகம் மாதிரித் திறந்துகொண்டது. உள்ளிருந்த முதுகுகள் ஈரமோ தூசியோ படாமல், எழுதிய நாளில் இருந்தது போலவே இருந்தன. வதிவிடச் சான்றிதழின் முதுகில் ஒன்றுமில்லை. முறைப்பாட்டுப் பிரதியின் முதுகில் ஆறு வரிகளும், அடியில் ஒரு கையொப்பமும் இருந்தன.

ஜெமீலாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. கையொப்பத்தில் விரலை வைத்தார். “இது றிப்தி வைச்சது.”

ஐவி ஒருமுறை மௌனமாக வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார்: முறைப்பாடு கொடுத்து ஆறாம் நாள், காலை பத்து இருபதுக்கு, முறைப்பாட்டாளர் தாமாகவே நிலையத்துக்கு வந்து, மேற்கொண்டு நடவடிக்கை எடுப்பதை விரும்பவில்லையென்று கூறி, முறைப்பாட்டை மீளப்பெறுகிறார். எவருடைய வற்புறுத்தலும் இல்லை.

ஜெமீலா கையொப்பத்திலிருந்து விரலை எடுத்தார். துறைமுகப் பக்கமிருந்து ஒரு கப்பலின் ஊதல் கேட்டது.

“நான் சொன்னன்தானே,” என்றார் முனாப். “தங்கச்சி, கடைக்குக் கொண்டு போனா ரெண்டு நிமிசத்தில பழையபடி ஒட்டித் தருவன். ஒரு மனிசருக்கும் தெரியாது.”

“எங்கள் மூண்டு பேருக்கும் தெரியும்” என்றார் ஐவி.

ஜெமீலா அண்ணனைப் பார்க்கவில்லை. “நானா, நீங்க கொஞ்சம் சும்மா இரிங்க. நான் முதல்ல அவனோட கதைக்கோணும்.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு, ஜெமீலாவின் தொலைபேசியை மேசையில் ஒலிபெருக்கியில் வைத்துக்கொண்டு றிப்தியை அழைத்தார்கள். ஐவி நடந்ததைச் சொன்னார்.

“மிஸ், அந்த மொழிபெயர்ப்பில மறுபக்கம் வெறுமையெண்டு கிடந்திச்சு. அது வெறுமையில்லை எண்டு எனக்குத் தெரியும். நீங்க தெரிஞ்சுதான் எனக்காக அப்பிடி எழுதினீங்க எண்டு நினைச்சன். அண்டைக்கு ரெண்டு ரக்அத் தொழுது உங்களுக்கு துஆக் கேட்டனான்.”

இருபத்தாறு வருடங்களில் தம்மிடம் யாரும் இவ்வளவு நன்றியோடு இவ்வளவு பாரமானதொன்றைச் சொன்னதில்லை என்று ஐவி பின்னர் கூறினார். அப்போது சொன்னது இதுதான்: “இல்லைத் தம்பி. நான் பாக்கேல்ல. பாக்காமல்தான் எழுதினனான். பாத்திருந்தா அப்பிடி எழுதியிருக்க மாட்டன்.”

“சரி மிஸ்.”

“ஏன் மீளப்பெற்றனீங்கள்?”

றிப்தி தயங்கினார். “உம்மா பக்கத்தில இரிக்கிறாவா?”

“இரிக்கிறன். சொல்லு” என்றார் ஜெமீலா.

முறைப்பாடு கொடுத்து ஐந்தாம் நாள் பின்னேரம், ரிஸ்னாவின் ரியூசன் வகுப்புக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் ஒருவன் நின்றிருக்கிறான். றிப்தியைக் கண்டதும் ஒரு பாடக் கொப்பியை நீட்டினான். “உன்ட தங்கச்சி விட்டுட்டுப் போயிட்டா. கவனமாப் பாத்துக்க,” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அட்டையில் ரிஸ்னாவின் பெயரும் வகுப்பும் எழுதியிருந்தன. மறுநாள் காலை றிப்தி பொலிஸுக்குப் போய்க் கையொப்பம் வைத்தார். உம்மாவிடம் சொன்னால் ரிஸ்னாவின் படிப்பை நிறுத்திவிடுவார் என்று பயந்தார். சட்டத்தரணியிடம் சொன்னால், மீளப்பெற்ற முறைப்பாடு வழக்கையே விழுத்திவிடும் என்று பயந்தார்.

“நீல அட்டைக் கொப்பி,” என்றார் ஜெமீலா. அவர் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. “நீ அதைக் கொண்டு வந்து குசினி மேசைல வைச்ச. அடுத்த நாள்ள இருந்து நீயே அவளை சைக்கிள்ள ஏத்திக்கொண்டு போய்க் கூட்டி வந்த. போற நாள் மட்டும். நான் நினைச்சன், பயணம் போகப்போறான், தங்கச்சில பாசம் கூடிட்டு எண்டு.”

அன்றே ஐவி சட்டத்தரணிக்கு எல்லாவற்றையும் எழுதினார். மறுமொழி இரண்டு நாளில் வந்தது. மிரட்டலுக்கு அஞ்சி முறைப்பாட்டை மீளப்பெற்றது நீதிபதி அறிய வேண்டிய விடயமே. ஆனால் இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்ற கேள்வி எழும், அதற்கு றிப்திதான் பதில் சொல்ல வேண்டும். முடிவு எப்படி அமையும் என்று தன்னால் வாக்குறுதி தர முடியாது. கடிதத்தின் கடைசி வரியை ஐவி எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்: ‘முன்மொழிவு நடைமுறைக்கு வந்திருந்தால், இதைத் திருத்துவதற்கு எங்களுக்கு ஒரு நாளும் இருந்திராது.’

திருத்தம் மூன்று கடதாசிகளாகப் போக வேண்டியிருந்தது: இரு பக்கங்களின் புதிய மொழிபெயர்ப்பும் ஐவியின் சத்தியக் கடதாசியும் ஒன்றாக, றிப்தியின் மேலதிக வாக்குமூலம், கொப்பியையும் சைக்கிளையும் பற்றி ஜெமீலாவின் சாட்சியம்.

ஐவியின் சத்தியக் கடதாசி ஏழு வரிகள் கொண்டது. ‘மறுபக்கத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியாதவாறு அது ஒட்டப்பட்டிருந்ததையும் கவனிக்கவில்லை. வெறுமை என்று எழுதியது பழக்கத்தினால். அவசரம் இருந்தது, அதை நியாயமாக முன்வைக்கவில்லை.’ இதைச் சமாதான நீதவான் முன் வைத்தபோது அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, “மிஸ், உங்களுக்கு எதிராக நீங்களே எழுதியிருக்கிறீங்கள். இனி அங்க உங்கட கையொப்பம் வந்தா ரெண்டு தரம் பாப்பினம்” என்றாராம்.

“பாக்கட்டும். நானும் ரெண்டு தரம் பாத்திருக்க வேணும்” என்றார் ஐவி.

ஜெமீலாவின் சாட்சியத்துக்குரிய நாள் திங்கட்கிழமை. முனாப்பும் வந்தார், இம்முறை வாசலிலேயே நின்று, கதவுக்கு மேலால் தலையை நீட்டிய ஒரு மானுக்குத் தொதல் காட்டிக்கொண்டிருந்தார். ஐவி ஆங்கிலப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, வசனம் வசனமாகத் தமிழில் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஜெமீலா “ஓம்” என்றார். ஏழாவது வசனத்தில் கையை உயர்த்தினார்.

“மிஸ், ‘எனது மகன் பயந்து முறைப்பாட்டை மீளப்பெற்றார்’ எண்டா இரிக்கி?”

“ஓம். பிழையா?”

“பிழையில்ல. ஆனா காணாது. பயம் எனக்கும் இருந்திச்சு, நான் ஒண்டும் செய்யேல்லையே. ரிஸ்னா பள்ளிக்கூடம் போறதுக்காக எண்டு போடுங்க.”

ஐவி அந்த வசனத்தை வெட்டிப் புதிதாக எழுதி, திரும்பவும் வாசித்துக் காட்டினார். ஜெமீலா “ஓம்” என்றார். பதினான்கு வசனங்களும் முடிய ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடங்களும் சென்றன.

கையொப்பமிட்ட பின் ஜெமீலா எழப்போனார். “இரிங்கோ, இன்னும் முடியேல்ல” என்று ஐவி அவரை மறித்து, கடதாசியைத் திருப்பி நீட்டினார். “பின்பக்கத்தில என்ன கிடக்கு?”

“ஒண்டுமில்ல மிஸ்.”

“பாத்துச் சொல்லுங்கோ.”

ஜெமீலா கடதாசியைக் கையில் வாங்கினார். கதவருகே போய், முனாப்பையும் மானையும் விலகச் சொல்லி, வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழாகப் பார்த்தார். தாம் சொன்ன வரிகள் மறுபுறத்திலிருந்து மங்கலாகத் தெரிந்தன; அவற்றைத் தவிர வேறெதுவும் இல்லை.

“ஒண்டுமில்ல,” என்றார்.

அதன் பிறகே ஐவி பதிவேட்டின் கடைசி நிரலில் எழுதினார்.